கல்லூரிப் பரிபாலன சபை: அதன் கடமையும் எல்லையும்

இம்மலரிற் சேர்க்கத்தக்க பழைய நிழற்படங்களைத் தேடியபொழுது, பரிபாலன சபையார் வரிசையாய் அமர்ந்திருக்கும் படமொன்று எமக்குக் கிடைத்தது. தலைப்பாகையும் சால்வையும் தரித்தோர் சிலர். கழுத்துப்பட்டி அணிந்த நியாயவாதிகள் சிலர். அருகில் நின்ற உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "இவர்கள் இங்கே என்ன பாடம் படிப்பித்தவர்கள்?" என்று வினவினான். ஒன்றும் படிப்பிக்கவில்லை என்றோம். "அப்படியானால் என்ன செய்தார்கள்?" என்றான். கல்லூரியை நடத்தினார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவ்விடை எமக்கே திருப்தி தரவில்லை. கல்லூரியை நடத்துபவர் அதிபரல்லரோ? பாடம் நடத்துபவர் ஆசிரியரல்லரோ? இவ்விருவரும் இருக்க, பாடமும் நடத்தாது பிரம்பும் எடுக்காது கூட்டம் கூடிக் கலைந்த அப்பெரியோருக்குக் கல்லூரியில் என்ன வேலை? அம்மாணவனுக்கு நாம் கடன்பட்ட விடையே இக்கட்டுரை.

எம்மவர்க்கு எளிதில் விளங்கும் உவமை ஆலயமே. தருமகர்த்தா கருவறையினுட் புகுந்து பூசை செய்வதில்லை. குருக்கள் கோயில் வயலைக் குத்தகைக்கு விடுவதில்லை. தருமகர்த்தா காணியைக் காக்கிறார், கணக்கை வைக்கிறார், தகுந்த குருக்களை நியமிக்கிறார், திருவிழாவுக்கு வேண்டிய பொருளைத் தேடுகிறார். பூசை வேளையில் மற்றை அடியார்களோடு வெளியே நின்று கும்பிடுகிறார். கோயில் அவருடையதன்று, அவர் காலத்தில் அவர் கையில் இருப்பது மாத்திரமே. தருமகர்த்தா தம்மை உடையவராக எண்ணத் தொடங்கிய இடங்களில், திருவிழா நின்று வழக்கு நடந்த கதையை அறியாத கிராமம் யாழ்ப்பாணத்தில் அரிது. கல்லூரியும் இவ்வாறானதே. இன்று படிக்கும் மாணவர், இன்று படிப்பிக்கும் ஆசிரியர், இன்று பணங் கொடுக்கும் பெற்றார் ஆகிய எவரும் தனித்து அதற்கு உரிமையாளரல்லர். ஐம்பது ஆண்டு கழித்து முதலாம் வகுப்பிற் சேரப்போகும் பிள்ளைக்கும் அதிற் பங்குண்டு. அப்பிள்ளை கூட்டத்துக்கு வந்து பேச இயலாது. அப்பிள்ளையின் சார்பில் அமர்ந்திருப்பதற்காகவே பரிபாலன சபை வேண்டப்படுகின்றது.

சைவப் பாடசாலைகளின் வரலாற்றிலும் இத்தேவை தாமாகவே தோன்றியதொன்று. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபோது, பிடியரிசி சேர்த்தும் அன்பரிடம் பொருள் இரந்தும் அதனை நடத்தினார். அப்பொழுது சபையொன்று வேண்டியதில்லை, நாவலரே போதும். ஆயின் நாவலர் போன்றோர் தலைமுறைக்கு ஒருவராகத்தானும் பிறப்பதில்லை. 1879 ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், ஒருவர் தோளில் நின்ற பாரத்தைப் பலர் தோளில் ஏற்றுதற்கு வழி தேடவேண்டியதாயிற்று. 1888 ஆம் ஆண்டில் சைவபரிபாலன சபை தோன்றிற்று. தனியொருவர் முயற்சியாகத் தொடங்கிய ஆங்கில பாடசாலையொன்று 1890 ஆம் ஆண்டில் அச்சபையின் பொறுப்பில் வந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி ஆயிற்று. 1923 ஆம் ஆண்டில் சைவ வித்தியா விருத்திச் சங்கம் உருவாகிக் கிராமந்தோறும் பாடசாலைகளைப் பரிபாலித்தது. 'இந்து போர்ட்' இராசரத்தினம் என்னும் பெயரிலேயே ஒரு சபையின் பெயரும் ஒரு மனிதர் பெயரும் ஒட்டிக்கொண்டன. எத்துணைப் பெரிய உழைப்பு இருந்தால் ஊரார் வாயில் அப்படியொரு பெயர் விளையும் என்பதை இளைஞர் எண்ணிப் பார்ப்பாராக.

இச்சபைகளின் கடமைகளுள் காணியையும் பணத்தையும் காத்தலே வெளிப்படையானது. அதைப்பற்றி நீட்டிச் சொல்லவேண்டியதில்லை. உறுதிகள் பத்திரமாயிருத்தல் வேண்டும்; கணக்குக் காட்டப்படல் வேண்டும்; சபையார் ஒருவர் தம் மருமகனுக்குக் கட்டட வேலையைக் கொடாதிருத்தல் வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பை ஏற்றவர் அதனால் தமக்கு இலாபம் தேடலாகாது என்பதை 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமும் கூறும். அச்சட்டம் வரமுன்பே எம் பாட்டிமார் 'சிவன் சொத்து' என்று சொல்லி அஞ்சினர்.

கடினமானது அடுத்த கடமை: தலைமை ஆசிரியரைத் தெரிதல், தெரிந்தபின் கையைக் கட்டிக்கொண்டிருத்தல். முன்னையது அறிவின் வேலை. பின்னையது அடக்கத்தின் வேலை. இதனை விளக்க இங்கிலாந்திலுள்ள பாடசாலையொன்றைப் பார்ப்பது தகும். எமது கல்லூரிகளின் இல்லங்களும், மாணவ முதல்வர் முறையும், விடுதி ஒழுங்கும், பணிப்பாளர் சபையும் அந்நாட்டுப் பாடசாலைகளைப் பார்த்து அமைந்தவையாதலின், அவற்றின் நன்மை தீமைகள் எமக்கு அந்நியமானவையல்ல.

றக்பி என்னும் ஊரிலுள்ள பாடசாலை 1567 ஆம் ஆண்டில் இலண்டன் பலசரக்கு வணிகர் லோறன்ஸ் ஷெரிப் என்பவரின் தருமத்தால் எழுந்தது. அவர் விட்டுச்சென்ற ஆதனத்துள் இலண்டனுக்கு வெளியேயிருந்த எட்டு ஏக்கர் மேய்ச்சல் நிலமும் ஒன்று. நகரம் பரந்து அந்நிலத்தின்மேல் வந்தபின் அதன் வாடகையே பாடசாலைக்குப் பெருநிதியாயிற்று. இடையில் வந்த சபையார் அவசரப்பட்டு அதனை முற்றாக விற்றிருப்பின் என்னாகியிருக்கும் என்பதை எம்மூர்க் கல்லூரிக் காணிகளை நினைந்து வாசிப்போர் உணர்வர்.

அப்பாடசாலைக்குத் தலைமை ஆசிரியர் ஒருவரைத் தெரியவேண்டிய வேளை 1827 ஆம் ஆண்டில் வந்தது. விண்ணப்பித்தோர் பலர். தோமஸ் ஆர்னல்ட் என்பவர் கடைசியாக விண்ணப்பித்தோருள் ஒருவர். அவரைச் சபையார் முன்பின் அறியார். அவரை நன்கறிந்த ஒக்ஸ்போட் அறிஞர் ஒருவர், இவரைத் தெரிந்தால் நாட்டின் பாடசாலைகள் அனைத்தின் போக்கையும் இவர் மாற்றுவார் என்ற கருத்துப்பட எழுதிய கடிதமே அவர்கள் மனத்தைத் திருப்பியது. உள்ளூர்ப் பிரபுக்களும் கனவான்களுமாகிய அச்சபையார், தமக்கு வேண்டியவரைத் தேடாது தகுதி சொல்லிய கடிதத்தை நம்பினர். ஆர்னல்டும் பொறுப்பேற்குமுன்பே தம் நிலையைத் தெளிவாக்கினார்: பாடசாலையின் உள்நிருவாகத்தில் சபையார் தலையிடலாகாது, தம்மிடம் திருப்தியில்லையெனில் தம்மை விலக்கிவிடலாம். விலக்கும் அதிகாரம் சபைக்கு. நடத்தும் அதிகாரம் தமக்கு. இரண்டையும் ஒருவரே வைத்திருத்தல் ஆகாது என்பது அவர் துணிபு.

1836 ஆம் ஆண்டில் இவ்வொழுங்குக்குச் சோதனை வந்தது. சமயச் சர்ச்சையொன்றிற் காரசாரமான கட்டுரையொன்று பெயரின்றி 'எடின்பரோ றிவியூ' என்னுஞ் சஞ்சிகையில் வெளிவந்தது. அதனை எழுதியவர் ஆர்னல்ட் என்பது ஊரறிந்த இரகசியம். சபையாருள் ஒருவராகிய ஹவ் பிரபு, எழுதியவர் நீர்தாமோ என்று கடிதமூலம் கேட்டார். சபை அங்கத்தவர் என்ற முறையில் அவ்வாறு கேட்க உமக்கு உரிமையில்லை என்று ஆர்னல்ட் விடையளிக்க மறுத்தார். சபையிலே கண்டனத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது; அது நிறைவேறியிருப்பின் அவர் பதவி துறந்திருப்பார். வாக்குகள் சமமாய்ப் பிரிந்தமையால் தீர்மானம் தோற்றது. ஒரு வாக்கு மாறியிருப்பின் அந்நூற்றாண்டின் பெயர்பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரை, அவர் வகுப்பறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு காரணத்துக்காக, அவருடைய சபையே துரத்தியிருக்கும். எம்மிடத்திலும் அதிபர் ஒருவர் எந்த மேடையில் ஏறினார், யார் வீட்டுக் கலியாணத்துக்குப் போகவில்லை என்பன சபைக் கூட்டங்களில் ஆராயப்பட்ட காலம் இருந்தமையால், இக்கதை எமக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

அதே பாடசாலை மறுபக்கத்தையும் காட்டுகின்றது. 1869 ஆம் ஆண்டில் ஹென்றி ஹேமன் என்பவர் தலைமை ஆசிரியராகத் தெரியப்பட்டார். அவர் காட்டிய நற்சான்றுப் பத்திரங்களுட் சில, முன்னர் வேறு பதவிகளுக்காகப் பெறப்பட்டவை என்ற முறைப்பாடு எழுந்தது. உதவி ஆசிரியர்கள் தொடக்கத்திலேயே எதிர்த்து நின்றனர். மாணவர் தொகை குறைந்தது. 1868 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த புதிய ஆளுஞ்சபை 1873 ஆம் ஆண்டு டிசெம்பரில் அவரை விலக்கியது. அவர் வழக்குத் தொடுத்தார். 1874 ஆம் ஆண்டில் நீதிமன்றம், ஊழலோ தகாத நோக்கமோ இல்லாதவிடத்து, தலைமை ஆசிரியரை விலக்கச் சபைக்குப் பூரண உரிமையுண்டு என்று கூறி அவருடைய வழக்கைத் தள்ளியது. சபை சட்டப்படி வென்றது. ஆயினும் நான்கு ஆண்டுகள் வீணாயின. அந்த நான்கு ஆண்டுகளிற் படித்த பிள்ளைகளுக்கு அவற்றைத் திருப்பிக் கொடுத்தார் யாருமிலர். ஒரு கடிதத்தை நம்பி நன்மை பெற்ற பாடசாலையே, நற்சான்றுகளைச் செவ்வனே ஆராயாது தீமையும் பெற்றது. ஆகவே தெரிவில் விரயமாகும் நேரம் விரயமன்று. ஒரு மாதம் தாமதித்து ஆராயாத சபை பல ஆண்டுகள் பரிகாரம் தேடும்.

இனி எம்நாட்டுக்கு மீள்வோம். இங்குள்ள சபைகளுக்கு வாய்த்த தனிப்பட்ட சோதனை, உதவி நன்கொடை முறையால் வந்தது. ஆசிரியர் சம்பளத்துக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது; ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் முகாமைக்காரர் கையில் இருந்தது. பணம் ஒருவருடையது, அதிகாரம் வேறொருவருடையது என்றால் இடையில் நிற்பவன் பாடு என்னாகும்? நல்ல முகாமைக்காரர் வாய்த்த இடத்தில் ஆசிரியர்கள் முப்பது, நாற்பது ஆண்டுகள் ஒரே பாடசாலையில் வாழ்ந்து தந்தையையும் மகனையும் படிப்பித்தனர். அத்தகையோரிடம் படித்த பேறு எமக்கும் வாய்த்தது. அல்லாத இடத்தில், ஆசிரியர் பதவி உறவினருக்குரிய சீதனம்போல் ஆயிற்று. சம்பளத்தில் ஒரு பங்கை 'நன்கொடை'யாகக் கொடுத்தே இருக்கவேண்டியவரும் உளர். ஜுபிலி மலரில் இவற்றை எழுதலாமோ என்று நண்பர் ஒருவர் தயங்கினார். எழுதாது விட்டால் பின்னர் நடந்ததற்குக் காரணம் விளங்காது என்பது எம் கருத்து.

இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. 1930 ஆம் ஆண்டையொட்டி, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக ஆசனத்தில் இருத்தப்படல் வேண்டும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்திலே கலகம் எழுந்தது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. பெரியோர் சிலர் அவ்வேற்பாட்டை மாற்றும்படி விண்ணப்பமும் செய்தனர். பரிபாலன சபை ஒன்றின் தரம் வெளிப்படும் வேளை அதுவே. ஊர் சொல்வதைக் கேட்டு ஆடுவதற்குச் சபை வேண்டியதில்லை. அதற்கு ஊரே போதும். ஊர் வேண்டாமென்னும் பிள்ளைக்கும் ஆசனம் உண்டு என்று சொல்லுதற்கே சபை இருக்கின்றது. எம் சைவச் சபைகளுள் அப்பொழுது அதைத் துணிந்து சொன்னோர் இருந்தனர், சொல்லாதோரும் இருந்தனர். தரையில் இருந்து படித்தவருள் பலர் தம் பிள்ளைகளை வேறு பாடசாலைகளில் சேர்த்ததற்குப் பிறர்மேற் குறைகூற எமக்கு வாயில்லை.

1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்தபின் வகுப்புக் கட்டணம் நின்றது. சபைகள் அரசாங்கப் பணத்திலேயே பெரிதும் தங்கின. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளின் முகாமை அரசாங்கத்துக்குச் சென்றது. 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் காணி கட்டடங்களையும் அரசுடைமையாக்க வழி செய்தது. மேல்வகுப்புகள் கொண்ட பாடசாலைகள் தனித்து நிற்கலாம் என்றொரு வாயில் திறந்திருந்தது. ஆயின் நன்கொடையும் இல்லை, கட்டணம் அறவிடவும் தடை என்ற நிலையில் அவ்வாயிலால் நுழையப் பெருந்துணிவும் பெருநிதியும் வேண்டும். கிறித்தவக் கல்லூரிகள் சில நுழைந்தன. அவற்றுக்கு இன்றும் ஆளுஞ்சபை உண்டு. சைவக் கல்லூரிகள் பெரும்பாலும் அரசாங்கத்திடம் சென்றன. அச்சட்டத்தின் முதல் இலக்கு சைவச் சபைகளல்ல என்பது உண்மையே. எனினும் அன்று எம் சபைகளுக்காகத் தெருவில் இறங்கி அழுதோர் எத்தனைபேர்? ஆசிரியர்களுட் பலர் ஆறுதலடைந்தனர் என்பதே எம் இளமை நினைவு. காரணம் மேலே சொன்னோம்.

சபை போயிற்று, அதன் கடமைகள் போயினவா? அங்கேதான் எம் சிந்தனை நிற்கின்றது. அதிபரை நியமிப்பது இப்பொழுது அரச சேவையின் காரியம். தேசிய பாடசாலையாயின் கொழும்பிலுள்ள அமைச்சும், ஏனையவாயின் மாகாணமும் பார்க்கும். காணி அரசுக்குரியது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் அதிபரின் தலைமையிற் கூடும். பெற்றாரும் ஆசிரியரும் பழைய மாணவரும் அதில் உளர். அச்சங்கம் பணம் சேர்க்கலாம், செலவு செய்யலாம். அதிபரைத் தெரிய இயலாது, விலக்கவும் இயலாது. தலைவரே அதிபராதலால் அவரிடம் கணக்குக் கேட்பதும் சற்றுச் சங்கடமானது. இலண்டன், ரொறொன்ரோ, சிட்னி முதலிய நகரங்களில் பழைய மாணவர் சங்கக் கிளைகள் உள; பெரும்பணம் அங்கிருந்து வருகின்றது. ஆக, நியமிப்பவர் ஓரிடத்தில், நடத்துபவர் ஓரிடத்தில், பணம் அனுப்புபவர் ஓரிடத்தில். ஐம்பது ஆண்டு கழித்து வரப்போகும் பிள்ளையின் சார்பில் அமர்ந்திருப்பவரைத் தேடினால் நாற்காலி வெறுமையாய் இருக்கின்றது.

இது வெறும் தத்துவமன்று. சில ஆண்டுகளின் முன் பாடசாலையொன்றின் கூட்டத்துக்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். வெளிநாட்டு அன்பர்கள் மூன்று மாடி மண்டபம் ஒன்றுக்குப் பணம் தர முன்வந்திருந்தனர். படம் வரைந்து, பெயரும் தெரிந்து, கல்வெட்டு வாசகமும் எழுதியாயிற்று. அதிபர் பேசாதிருந்தார். உப அதிபர் மாத்திரம், ஆய்வுகூடத்துக்கு நீர்க்குழாய் பழுது, மலசலகூடம் போதாது என்று மெல்லச் சொன்னார். அவை அடுத்த கட்டத்திற் பார்க்கலாம் என்றனர். மண்டபத்தைக் கூட்டித் துடைப்பது யார், மின்கட்டணம் கட்டுவது யார் என்று ஒருவருங் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. கரகோஷத்தின் நடுவே நாமுங் கை உயர்த்தினோம். மண்டபம் எழுந்தது, அழகாகவே இருக்கின்றது. மின்கட்டணத்துக்கு அஞ்சி ஆண்டிற் பெரும்பகுதியும் பூட்டிக் கிடக்கின்றது. அதனைப் பராமரிக்கும் பொருட்டுப் பெற்றாரிடம் தொகையொன்று கேட்கப்படுவதாகவும், அது கொடுக்க இயலாத கூலித் தொழிலாளி ஒருவர் தம் மகனை அயற் பாடசாலைக்குக் கொண்டுசென்றதாகவும் பின்னர் அறிந்தோம். கொடுத்தவர் நல்லெண்ணத்துடன் கொடுத்தார், அதிற் குறையில்லை. அதைப் பெற்றவர் சார்பில் 'இப்பொழுது வேண்டாம்' என்று சொல்லவல்ல சபை அங்கிருக்கவில்லை. அந்தப் படத்திலிருக்கும் தலைப்பாகைக்காரருள் ஒருவராவது, பூட்டுக்கும் திறப்புக்கும் யார் பொறுப்பு என்று கேட்டிருப்பார் என எண்ணுகிறோம்.

பழைய சபையை மீட்டல் இயலாது. மீட்கவேண்டும் என்று வாதிடவும் நாம் வரவில்லை. பிரித்தானிய நாட்டிலேயே 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் பெற்றாரும் ஆசிரியரும் தெரிவுமூலம் ஆளுஞ்சபைகளில் இடம்பெற்றனர். பிரபுக்களின் காலம் அங்கும் போயிற்று. பழைய மாணவர் சங்கம் பரிபாலன சபையாக வேடம் பூணுதலும் தகாது. அதிபரை இன்னார் என்று மேலிடத்துக்குத் தூது அனுப்புவதும், வகுப்பு மாற்றத்துக்குச் சிபார்சு செய்வதும், எம் கையில் இல்லாத அதிகாரத்தைக் களவாக நடத்துதலேயாகும். ஆனாற் பணம் எம் கையில் உள்ளமட்டும் அதன் பொறுப்பு எம்முடையதே. வரும் நன்கொடையில் ஒரு பங்கைச் செலவு செய்யாது நிலையான நிதியமாக நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் வைத்து, வட்டியை மாத்திரம் எடுத்தல் கூடும். கட்டடம் ஒன்றைக் கொடுக்குமுன் அதன் பத்தாண்டுப் பராமரிப்புக்கும் கணக்குப் போடல் கூடும். பணந் தந்தவரே ஒப்பந்தக்காரரைத் தெரியும் வழக்கத்தை நிறுத்தல் கூடும். அதிபர் வேண்டாமென்றால் வேண்டாம் என்று விடுதல் கூடும். இது யாவற்றினுங் கடினம்.

எம் சங்கத்தின் செயற்குழு இவற்றுட் சிலவற்றை ஏற்றுள்ளது. சிலவற்றில் இன்னும் வாக்குவாதம் நடக்கின்றது. கடந்த ஐந்து ஆண்டுகளின் வரவு செலவுக் கணக்கு, கணக்காய்வாளரின் குறிப்புகளோடு, தமிழில் அச்சிட்டுக் கல்லூரி அறிவித்தற் பலகையில் ஒட்டப்படும். ஜுபிலி விழா முடிந்த மறுநாட் காலை நடைபெறும் பொதுக்கூட்டத்தில் தனாதிகாரி அதனை வரிவரியாக வாசிப்பார். வெளியூரிலிருந்து வரும் அன்பர்கள் பயணச்சீட்டை ஒருநாள் பிந்திப் போட்டுக்கொண்டு அங்கு வந்திருந்து கேள்வி கேட்குமாறு வேண்டுகிறோம். படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்ட மாணவனையும் அழைத்திருக்கிறோம்.